கல் கொட்டினால் கடல் அடங்கிவிடுமா?

"டெல்டா கரையில் பாறாங்கல்லைக் கொட்டினால் அரிப்பு நிற்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொட்டிய இடத்தில் நிற்கும். பெரும்பாலும் பக்கத்து ஊரில் தொடங்கும்.

கரையோர மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். மொத்தத்தில் வடக்கே போவதுதான் அதிகம். கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டும் தூண்டில் வளைவு அதை மறிக்கிறது. தென்புறம் கரை வளர, வடபுறம் கரைகிறது. போதாக்குறைக்கு, காவிரி கொண்டுவரும் வண்டலில் கணிசமான பங்கு 1934 முதல் மேட்டூர் அணையிலேயே தங்கிவிடுகிறது.

தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காக்கக் கல்தான் சரி. கோயிலைத் தூக்கித் தள்ளி வைக்க முடியாதே!

மற்றபடி, சேற்றுக்கரையில் என் ஓட்டு, உப்புநீரில் வளரும் அலையாத்தி மரங்களுக்கே. முத்துப்பேட்டையில் சேற்றில் பென்சில் குத்தி வைத்ததுபோல் சுவாச வேர்கள் நிற்கும். அலை அவற்றுக்குள் நுழைந்து வேகம் இழந்து, சுமந்துவந்த வண்டலை இறக்கிவிடும். உப்பேறிய பொட்டலில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் (கடல் ஏற்றத்தில் வரும் நீர்) ஏறி இறங்க வழிசெய்து, ஓரங்களில் கன்று வளர்க்கிறார்கள். திறந்த மணற்கரையில் இது பலிக்காது. அங்கே மணல்மேட்டை அள்ளாமல் விட்டு, அடப்பங்கொடியைப் படரவிட வேண்டும்.

வெள்ளத்துக்கு வேறு கணக்கு. கடல் ஏறும்போது உப்புநீர் ஆற்றுவழி புகாமலிருக்கக் கடைமடை ஷட்டரை, அதாவது ஆறு கடலைத் தொடுமுன் உள்ள மதகுக் கதவை, இறக்க வேண்டும். மழைநீர் வடிய அதையே ஏற்ற வேண்டும். கார்த்திகையில் இரண்டும் ஒரே இரவில் வந்தால் சம்பா மூழ்குகிறது.