ராஜாவுக்கு முன்னே வந்தது களஞ்சியம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆதி அரசர்களைப் பற்றியவை. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். உலகத்தின் முதல் ராஜா யார்?

எகிப்தை ஒரு குடைக்கீழ் ஆண்ட முதல் ராஜா என்று கேட்டால் நார்மர், கி.மு. 3100 வாக்கில். அவருடைய கல் தட்டில் ஒரு பக்கம் தெற்கு எகிப்தின் வெள்ளைக் கிரீடம், மறுபக்கம் வடக்கு எகிப்தின் சிவப்புக் கிரீடம். மெசபடோமியாவில் (இன்றைய ஈராக் பகுதி), தன் பெயர் பொறித்த பாத்திரத் துண்டால் உறுதியாகும் மிகப் பழைய அரசர்களில் ஒருவர் கீஷ் நகரத்து என்மெபரகேசி. அதன் தெற்குப் பகுதியான சுமேரின் பழைய அரசர் பட்டியல் அவருக்கு 900 வருட ஆட்சி தருகிறது. அதே பட்டியலில் முதலில் வரும் அலுலிமுக்கு 28,800 வருடம்! எண்களை விடுங்கள். என்மெபரகேசிக்கு ஐந்தாறு நூற்றாண்டு முன்பே சுமேரில் உருக் என்ற பெருநகரம் இருந்தது. அங்கே கிடைத்த எழுத்தில் நிறைந்திருப்பது ராஜாவின் புகழ் இல்லை, தானியக் கணக்கு.

கேள்வி: என் அப்பா விவசாயி. "விளைந்ததை இன்னொருவன் வாசலில் கொண்டுபோய்க் கொட்ட முதல்முதலாக எவன் சம்மதித்திருப்பான்?" என்று கேட்கிறார். என்ன சொல்வது?

இந்தத் துறையின் மையக் கேள்வியையே அப்பா கேட்டுவிட்டார். முதலில் அது மனிதன் வாசல் இல்லை, சாமி வாசல். உருக்கில் இனன்னா தேவிக்குக் கட்டிய ஏயன்னா கோயில் வளாகத்தில் கிடைத்த, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரக் கல் ஜாடியைப் பாருங்கள். அடியில் தண்ணீர், மேலே பயிர், அதற்கு மேல் ஆடுகள், அப்புறம் கூடை சுமக்கும் ஆட்கள், உச்சியில் தேவியின் வாசல். அந்த வாசலில் நிற்கும் தலைவன்தான் பின்னால் ராஜாவாகப் போகிறவன்.

போன தானியம் கொஞ்சம் திரும்பியும் வந்தது. உருக் காலத்து ஊர்களைத் தோண்டினால் ஒரே மாதிரியான முரட்டுக் கிண்ணங்கள் ஆயிரக்கணக்கில் வரும். விளிம்பு சாய்வாக இருக்கும், வழவழப்பு கிடையாது, அச்சில் களிமண்ணை அழுத்தி அவசரமாகச் செய்தவை. அழகுக்காக ஒரு கோடுகூடப் போடவில்லை. ரொட்டி சுடும் அச்சு என்பவர்களும் உண்டு. ஆனால் அக்கால எழுத்தில் ஒரு தலையும் அதன் வாயருகே ஒரு கிண்ணமும் வரைந்தால் 'சாப்பாடு, கூலிப்படி' என்று பொருள். எனக்கு இது கூலிக் கிண்ணம்தான். நிலத்தில் நின்றவன் இப்போது வரிசையில் நிற்கிறான்.

பயிருக்கும் இதில் பங்கு உண்டு. கிழங்கை மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்து வேண்டியபோது தோண்டலாம். வாற்கோதுமை எல்லோர் வயலிலும் ஒரே சமயம் முற்றும், கண்ணுக்குத் தெரியும், காயவைத்தால் வருடக்கணக்கில் கெடாது. அளக்கவும் எடுத்துப் போகவும் இதைவிட வசதியான விளைச்சல் இல்லை. ஒரு களிமண் பலகையில் 29,086 அளவை வாற்கோதுமை, 37 மாதம், 'குஷிம்' என்று இருக்கிறது. குஷிம் என்பது கணக்கரின் பெயர், அல்லது அவர் வகித்த பதவி. அவருக்குத் தலையில் கிரீடம் இல்லை. ஆனால் அரசு என்ற இயந்திரம் அவர் கையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பிற்காலத்து ராஜா அதன்மேல் வந்து உட்கார்ந்தவர் என்பதே என் முடிவு.

கேள்வி: பெரிய கால்வாய் வெட்ட ஆள் தேவைப்பட்டதால்தான் அரசு வந்தது என்று பள்ளியில் படித்தேனே?

பழைய பாடம் அது. தெற்கு ஈராக்கை அங்குலம் அங்குலமாக ஆய்ந்தபின் தெரிந்தது: ஆரம்பக் கால்வாய்கள் சிறியவை, ஊர்க்காரர்களே வெட்டிப் பராமரிக்கக்கூடியவை. பெரிய வெட்டெல்லாம் ராஜாக்கள் வந்த பிறகு. ஆனால் தண்ணீர்ச் சண்டை ராஜாவை வளர்த்தது உண்மை. அண்டை நகரங்களான லகாஷும் உம்மாவும் ஒரு வரப்பு நிலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக மோதின. கி.மு. 2450 வாக்கில் லகாஷின் அரசன் 'எயன்னாதும்' நட்ட வெற்றிக் கல்லில் கேடயம் சேர்த்து அணிவகுக்கும் படையும், வெட்டுண்ட தலைகளைக் கொத்திக்கொண்டு பறக்கும் கழுகுகளும் இருக்கின்றன. இன்று அது பாரிஸில், லூவரில்.

கேள்வி: சுமேரியத்தில் ராஜாவுக்கு என்ன சொல்? அது தமிழா?

லுகல். லு என்றால் ஆள், கல் என்றால் பெரிய: பெரிய ஆள். அரண்மனை 'ஏகல்', பெரிய வீடு. எகிப்தின் 'பாரோ' என்ற பட்டத்துக்கும் பெரிய வீடு என்றுதான் பொருள். கோவின் இல் நமக்குக் கோயில் ஆனதுபோல அங்கேயும் வீடுதான் அதிகாரத்துக்குப் பெயரானது. கருத்து ஒன்று, அவ்வளவுதான். சுமேரியம் எந்த மொழிக் குடும்பத்திலும் சேராத தனிமொழி. தமிழோடு உறவு காட்டும் பட்டியல்களை நம்ப வேண்டாம்.

கேள்வி: ராஜாவோடு வேலைக்காரர்களையும் புதைத்தார்கள் என்பது நிஜமா?

நிஜம். 'ஊர்' என்ற பெயருடைய சுமேரிய நகரத்தின் அரச கல்லறைகளில் ஒரே குழியில் 74 பேர், அதில் 68 பெண்கள். அகழ்ந்த லெனார்ட் வூலி, விஷம் குடித்து அமைதியாகப் படுத்தார்கள் என நினைத்தார். பிற்பாடு அக்கல்லறைகளின் இரண்டு மண்டை ஓடுகளை ஸ்கேன் செய்தபோது, கூரான ஆயுதத்தால் அடித்த துளைகள் தெரிந்தன. அந்தக் குழியில் ஒரு பெண் எனக்கு மறப்பதில்லை. மற்றவர்கள் நாடாவைத் தலையில் கட்டியிருக்க, இவளுடைய வெள்ளி நாடா மட்டும் சுருட்டியபடி இடுப்பருகே இருந்தது. கட்ட நேரம் கிடைக்கவில்லை போல.

கேள்வி: சிந்துவெளியில் ராஜா யார்?

அரண்மனையும் இல்லை, அரச கல்லறையும் இல்லை. 'பூசாரி அரசன்' என்பது 17.5 செ.மீ. சிலைக்கு நம் காலத்தவர் வைத்த பெயர். ராஜா இல்லாமலும் எடைக்கல் ஒரே அளவாக இருக்க முடிந்திருக்கிறது.

கேள்வி: அந்தக் காலத்தில் நல்ல ராஜாவே கிடையாதா?

கி.மு. 2350 வாக்கில் லகாஷை ஆண்ட உருகாகினாவைச் சொல்வேன். அவருக்கு முன்னால் ஒரு பிணத்தைப் புதைக்க 7 குடம் பீர், 420 ரொட்டி, தானியம், துணி, ஆடு, கட்டில் எல்லாம் பிடுங்கினார்கள். அவர் அதை 3 குடம், 80 ரொட்டி என்று குறைத்தார். விதவையையும் அநாதையையும் வலியவன் கையில் ஒப்படைக்க மாட்டேன் என்று தன் தெய்வமான நின்கிர்சுவிடம் வாக்குக் கொடுத்ததாக எழுதிவைத்தார். பத்து வருடம்கூட நிலைக்கவில்லை. உம்மாவின் லுகல்சகேசி லகாஷைத் தாக்கினான். எரிந்த கோயில்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் புலம்பும் ஒரு பலகை மிஞ்சியிருக்கிறது. குற்றம் உருகாகினாவுடையது அல்ல என்கிறது அது. நின்கிர்சுவின் வயலில் விளைந்து நின்ற வாற்கோதுமையைப் பிடுங்கிப்போட்டதையும் மறக்காமல் கணக்கில் சேர்த்திருக்கிறது.