முதல் ஹோம் தியேட்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

12 அடிக்கு 14 அடி ஹால், 55 இன்ச் டிவி. ஒரு லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். 70,000க்கு நல்ல ரிசீவராக வாங்கிவிடு, மிச்சத்தில் ஏதாவது ஸ்பீக்கர் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். சரியா?
வாசகர், கும்பகோணம்

சரியில்லை, அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். ரிசீவர், அதாவது ஒலியைப் பிரித்துப் பெரிதாக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிற கருவி, நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும். படத்தையும் ஒலியையும் கடத்துகிற ஹெச்டிஎம்ஐ இணைப்பில் புதிதாக ஒன்று வரும், புதிதாக ஒரு ஒலி வடிவம் வரும், கையில் இருப்பது அதைப் புரிந்துகொள்ளாது. ஸ்பீக்கருக்கு அந்தக் கவலையே கிடையாது. நல்ல பெட்டி ஒன்றை இன்று வாங்கினால் உங்கள் பிள்ளை கல்லூரி முடிக்கும்வரை அது பாடும், நடுவில் ரிசீவரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். காதில் விழுகிற வித்தியாசமும் ஸ்பீக்கரில்தான் அதிகம். ஒரே விலை அளவில் இருக்கிற இரண்டு ரிசீவர்களைச் சாதாரண சத்தத்தில் மாற்றி மாற்றிக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பிரித்துச் சொல்ல வராது, ஆனால் இரண்டு ஸ்பீக்கர்களை மாற்றினால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

உங்கள் ஒரு லட்சத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: ஐந்து சேனல் ஆரம்ப நிலை ரிசீவருக்கு 35,000க்குள், முன்னால் வைக்கிற இடது, வலது, நடு ஸ்பீக்கர் மூன்றுக்கும் சேர்த்து 35,000, பாஸை, அதாவது அடித்தொனியை மட்டும் தருகிற சப்வூஃபருக்கு 20,000, உட்காருபவருக்குப் பின்பக்கமாக வைக்கிற சரவுண்ட் ஜோடிக்கு மிச்சம். ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், இதைத்தான் 5.1 என்பார்கள். முன் மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே வரிசையாக இருக்கட்டும். திரையில் ஒரு கார் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் சத்தத்தின் நிறம் மாறினால் ஏதோ இடறுகிற மாதிரி இருக்கும். சரவுண்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, வேறு கம்பெனியில் மலிவாகக் கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பணம் போதவில்லை என்றால் சரவுண்டைத் தள்ளிப் போடுங்கள். முன் மூன்றும் சப்வூஃபரும் மட்டும் வைத்து ஆறு மாதம் ஓட்டலாம், ரிசீவரில் பின் ஸ்பீக்கர் இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த ஒலியை அதுவே முன்னால் கலந்து தந்துவிடும். ஆறு பெட்டியும் மொத்தமாக அட்டைப்பெட்டியில் வருகிற மலிவான செட்டை வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

வைக்கும் இடம் காசு செலவில்லாத விஷயம், அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை. டிவி சுவரிலிருந்து 9 அடி தள்ளி உட்காருகிறீர்கள் என்றால் இடது வலது பெட்டிகளுக்கு நடுவே குறைந்தது 7 அடி இருக்க வேண்டும், 10 அடி வரை போகலாம். டிவியை ஒட்டி இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டால் படம் பெரிதாகவும் சத்தம் சின்னதாகவும் இருக்கும். ஸ்பீக்கரின் சின்ன கோன், அதாவது ட்வீட்டர், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு வரட்டும். ஹாலில் சோபா பின்சுவரோடு ஒட்டிக் கிடந்தால் இரண்டு அடியாவது முன்னால் இழுங்கள், இடமே இல்லை என்றால் ஒரு அடி. சுவரை ஒட்டிய இடத்தில் பாஸ் குமுறும், மற்றதெல்லாம் அதில் அமுங்கிப் போகும்.

எங்கள் ஊர்க் கடையில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபையர் 5000 வாட் என்கிறார்கள், விலை 9,000. ஷோரூமில் பார்த்த ரிசீவரில் சேனலுக்கு 70 வாட் என்று போட்டிருக்கிறது, விலை நாலு மடங்கு. ஏன் இந்த வித்தியாசம்?
வாசகர், கரூர்

அந்த 5000 வாட் பிஎம்பிஓ கணக்கு. ஒரு கண நேரத்துக்கு, எந்த நிபந்தனையும் இல்லாமல், எவ்வளவு உச்சம் தொடலாம் என்று கற்பனையாகப் போடுகிற எண் அது, அதற்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது. வீட்டுச் சுவரில் இருக்கிற ப்ளக் பாயின்டை நினைத்துப் பாருங்கள்: 230 வோல்ட், 5 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து 1150 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. அதில் செருகுகிற பெட்டி 5000 வாட்டை எங்கிருந்து கொண்டுவந்து தொடர்ந்து கொடுக்கும்?

கம்பெனி ரிசீவர்களிலும் எண்களைக் கவனித்துத்தான் படிக்க வேண்டும். ஒரே கருவிக்கு அட்டையில் 135 வாட் என்றும் உள்ளே கையேட்டில் 70 வாட் என்றும் இருக்கலாம், இரண்டும் பொய்யல்ல. ஒரு சேனலை மட்டும் இயக்கி, 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி மட்டும் கொடுத்து, 10 சதவீதம் ஒலிச் சிதைவை அனுமதித்து அளந்தால் பெரிய எண் வரும். இரண்டு சேனல்களை இயக்கி, 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை முழு வீச்சில், சிதைவு 0.1 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும்படி அளந்தால் சின்ன எண் வரும். அந்தச் சின்ன எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். ஐந்து சேனலும் ஒரே நேரத்தில் முழுதாக உழைத்தால் அதுவும் குறையும், ஆனால் படத்தில் அப்படி நடப்பது அபூர்வம்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது தெரிந்துவிட்டால் வாட் பயம் போய்விடும். வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், அது காதுக்குக் கொஞ்சம் கூடினாற்போல இருக்கும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்கானதாகத் தோன்ற வேண்டுமென்றால் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஆகவே 70க்கும் 90க்கும் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கிற வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்று பாருங்கள். 87 டெசிபல் பெட்டியும் 90 டெசிபல் பெட்டியும் ஒரே சத்தம் தருவதற்கு முதலாவதற்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். அதோடு ஓம், அதாவது மின்தடை, எவ்வளவு என்றும் கேளுங்கள். ஆரம்ப நிலை ரிசீவருக்கு 8 அல்லது 6 ஓம் பெட்டிகள் நல்லது. 4 ஓம் பெட்டி அதிக கரன்ட் இழுக்கும், ரிசீவர் சூடாகித் தானே அணைந்துவிடவும் கூடும்.

அசெம்பிள் செட்டை நான் மட்டமாகச் சொல்லவில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தொடங்கி ஊர் ஊராக, கையில் தொழில் இருக்கிற மெக்கானிக்குகள் செய்கிற ஆம்ப்புகள் பாட்டுக்கு நன்றாகவே இருக்கின்றன, ரிப்பேரும் அன்றே ஆகிவிடும். படத்துக்கு வரும்போதுதான் சிக்கல். 5.1 என்று எழுதியிருந்தாலும் பல பெட்டிகள் உள்ளே வருகிற இரண்டு சேனல் ஒலியைப் பிரித்து ஐந்து பக்கமும் அனுப்புகின்றன, அவ்வளவே. படங்களில் வருகிற பல சேனல் ஒலி வடிவமான டால்பி டிஜிட்டலை உண்மையாகவே டிகோட் செய்கிற போர்டு இருக்கிறதா, டிவியின் ஒலியை அதே கேபிளில் வாங்கிக்கொள்கிற ஹெச்டிஎம்ஐ ஆர்க் இருக்கிறதா, ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் தனித்தனியாகச் செட் செய்ய முடிகிறதா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் வாங்கலாம்.

5.1 செட் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. சண்டையும் பாட்டும் காதைப் பிளக்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை. ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு படம் பார்க்கிறோம். ஸ்பீக்கர் கோளாறா?
வாசகி, சேலம்

எனக்கு வருகிற கேள்விகளில் அதிகம் வருவது இதுதான், பெரும்பாலும் ஸ்பீக்கரில் கோளாறு இருப்பதில்லை. 5.1 ஒலியில் வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கர் ஒன்றிலிருந்தே வருகிறது. அந்த ஒன்றைத்தான் நம் வீடுகளில் ஷோகேஸின் உள்ளே, பொம்மைக்கும் பூச்சாடிக்கும் பின்னால் தள்ளி வைக்கிறோம். முதலில் அதை வெளியே எடுத்துத் தட்டின் விளிம்போடு முகம் சமமாக இருக்கும்படி வையுங்கள். டிவிக்குக் கீழே முழங்கால் உயரத்தில் இருந்தால் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு கொடுத்து முகம் காதைப் பார்க்கும்படி சாயுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

அடுத்து டிவியின் ஒலி செட்டிங். டிஜிட்டல் அவுட்புட் 'பிசிஎம்' என்று இருந்தால் பல டிவிகள் இரண்டு சேனலாகச் சுருக்கித்தான் ரிசீவருக்கு அனுப்பும். அதை 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ் த்ரூ' என்று மாற்றுங்கள். ரிசீவர் முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' என்று எழுத்து வர வேண்டும், வந்தால் நடு ஸ்பீக்கருக்கு அதன் பங்கு தனியாகப் போகிறது என்று அர்த்தம். அப்புறம் ரிசீவரோடு வந்த சின்ன மைக்கைச் சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்து ஆட்டோ செட்டப்பை ஓட்டுங்கள். டெனான் கருவி என்றால் ஆடிஸி, யமஹா என்றால் ஒய்பிஏஓ என்று பெயர் இருக்கும், வேலை ஒன்றுதான். மின்விசிறி, ஏசி, குக்கர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓட்ட வேண்டும். முடிந்த பிறகு கையால் இரண்டு விஷயம் பாருங்கள்: எல்லா ஸ்பீக்கரும் 'ஸ்மால்' என்றும் கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் என்றும் இருக்கட்டும் (அதற்குக் கீழே உள்ள பாஸ் சப்வூஃபருக்குப் போய்விடும்), நடு ஸ்பீக்கரின் அளவை 2 அல்லது 3 டெசிபல் கூட்டிக்கொள்ளுங்கள். ராத்திரியில் பார்க்கும்போது டைனமிக் ரேஞ்ச் கட்டுப்பாட்டைப் போட்டால் வெடிச்சத்தம் அடங்கி வசனம் மேலே வரும்.

இத்தனையும் செய்த பிறகும் தெளிவில்லை என்றால் குற்றவாளி அறைதான். விட்ரிஃபைட் டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கண்ணாடி ஜன்னல். நம் ஹாலில் கைதட்டினாலே எதிரொலி கேட்கும். க, ச, ட, த, ப எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து குழம்புகிறது, வால்யூமைக் கூட்டினால் குழப்பமும் சேர்ந்து கூடும். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே தரையில் கனமான கம்பளம் ஒன்று போடுங்கள், பவானி ஜமக்காளம் என்றால் இரண்டு மூன்றாக மடித்துப் போடலாம். ஜன்னலுக்கு மெல்லிய திரைக்குப் பதில் அடர்த்தியான துணி, மடிப்பு நிறைய வைத்துத் தைத்தது. பக்கச் சுவரில் புத்தக அலமாரி இருந்தால் இன்னும் நல்லது. பத்தாயிரம் ரூபாய் கேபிள் தராத பலனை இது தரும்.

கேபிள் பேச்சு வந்ததால்: வீட்டு தூரத்துக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்புக் கம்பி போதும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியை விற்பார்கள், நுனியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், வேண்டாம். சிவப்பு சிவப்பிலும் கருப்பு கருப்பிலும் போயிருக்கிறதா என்று எல்லாப் பெட்டியிலும் ஒருமுறை பாருங்கள். ஒன்றில் மாறியிருந்தால்கூட பாஸ் மெலிந்துவிடும், ஒலி எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடாது.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து வருகிறார். அங்கே ரிசீவர் விலை குறைவு. வாங்கி வரச் சொல்லலாமா?
வாசகர், நாகர்கோவில்

ரிசீவர் வேண்டாம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதை அப்படியே நம் 230 வோல்ட்டில் செருகினால் அன்றே முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் கனமானதாக வேண்டும், அது ஒரு பக்கம் உறுமிக்கொண்டிருக்கும், வாரன்டியும் இங்கே செல்லாது. சிங்கப்பூர், மலேசியா, துபாயிலிருந்து என்றால் வோல்டேஜ் பிரச்சினை இல்லை, வாரன்டி பிரச்சினை மட்டும் இருக்கும்.

உள்ளே ஆம்ப் இல்லாத சாதாரண ஸ்பீக்கர்களை எந்த நாட்டிலிருந்தும் கொண்டுவரலாம், அவற்றுக்கு மின் இணைப்பே கிடையாது. சப்வூஃபர் அப்படியல்ல, அதற்குள் ஆம்ப் இருக்கிறது. பின்பக்கம் 115/230 என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால் மட்டுமே எடுத்து வரச் சொல்லுங்கள்.

அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடி. 12க்கு 12 பெட்ரூமைப் படம் பார்க்க ஒதுக்கியிருக்கிறோம். சப்வூஃபரை மூலையில் வைத்திருக்கிறோம். கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்கிறார், ஆனால் எங்கள் சோபாவில் பாஸே இல்லை. எப்படி?
வாசகர், சென்னை

சதுர அறையில் இது நடக்கும். 12 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸில் ஒலி அலை சுவருக்குச் சுவர் நின்று ஆடும். உங்கள் அறையில் நீளமும் அகலமும் ஒன்று என்பதால் இரண்டு திசையிலும் அதே 47தான். அந்த அலை சுவரோரம் பலமாக இருக்கும், அறையின் நட்டநடுவில் அடங்கிப் போகும். நீங்கள் நடுவில் உட்கார்ந்து பாஸ் இல்லை என்று வால்யூமைக் கூட்டுகிறீர்கள், அது சுவர் வழியாகவும் தரை வழியாகவும் கீழே இறங்குகிறது.

சோபாவை நடுவிலிருந்து ஒன்றரை இரண்டு அடி பின்னால் தள்ளுங்கள். பிறகு சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து, பாஸ் அதிகமுள்ள பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எங்கே பாஸ் குமுறாமல் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்தால் சோபாவில் அதே சீர் கிடைக்கும். கிடைத்த பிறகு அளவைக் குறைத்துக்கொள்ளலாம். பெட்டிக்கு அடியில் கனமான ஃபோம் துண்டு கொடுத்தால் தரைக்குப் போகிற அதிர்வு கொஞ்சம் குறையும், ஆனால் காற்றில் போகிற பாஸை ஃபோம் தடுக்காது. இரவு பத்து மணிக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிடுங்கள், கீழே குழந்தைகள் தூங்குவார்கள்.

வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம், சுவர் எழும்பிவிட்டது. அட்மாஸ் வைக்க ஆசை. இப்போது பணம் இல்லை, பின்னால் வாங்குவோம். இப்போதே செய்ய வேண்டியது என்ன?
வாசகர், தேனி

இப்போதே கேட்டது மிக நல்லது, பூச்சு வேலை முடிந்த பிறகு கேட்டால் சுவரை உடைக்கத்தான் சொல்ல முடியும். டிவி வரும் இடத்திலிருந்து சரவுண்ட் இரண்டுக்கும் பைப் இறக்குங்கள். சரவுண்ட் என்பது சோபாவுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி, உட்கார்ந்தவரின் காது உயரத்திலோ சற்று மேலேயோ. அட்மாஸ் என்பது தலைக்கு மேலிருந்தும் ஒலி வருகிற முறை, அதற்குக் கூரையில் இரண்டு பாயின்ட், உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால், இடமும் வலமுமாக, ஃபேன் கொக்கிக்கு இடைஞ்சல் இல்லாமல். கூரையில் பட்டுத் திரும்பும்படி மேல்நோக்கிப் பேசுகிற ஸ்பீக்கர்களும் உண்டு, சமமான கான்கிரீட் கூரைக்கு அவை ஒத்துவரும், ஓட்டுக் கூரைக்கு வராது. எப்படியும் கூரையிலேயே பதிக்கிற ஸ்பீக்கர் அளவுக்கு அவை வராது, வீடு கட்டும் நிலையில் இருப்பவர் அந்தச் சமரசத்துக்குப் போக வேண்டியதில்லை. சப்வூஃபருக்கு எதிரெதிர் மூலையில் இரண்டு இடத்தில் பைப்பும் பிளக் பாயின்டும் விடுங்கள், எந்த இடம் ஒத்துவரும் என்று அறை முடிந்த பிறகுதான் தெரியும்.

ரிசீவர் வாங்கும்போது ஏழு சேனல் உள்ளதாக, ஆர்க்கின் மேம்பட்ட வடிவமான இ-ஆர்க் உள்ளதாகப் பாருங்கள். ஓடிடியில் வருகிற அட்மாஸ் சாதாரண ஆர்க்கிலேயே வந்துவிடும், டிவி வழியாக ப்ளூ-ரேயின் முழுத்தர ஒலி வேண்டுமென்றால் இ-ஆர்க் வேண்டும். ரிசீவர் உட்காரும் தட்டை நாலு பக்கமும் மூடிய மரப்பெட்டியாக ஆசாரி செய்துவிடுவார், பின்பக்கம் திறந்தும் மேலே அரை அடி இடைவெளி விட்டும் செய்யச் சொல்லுங்கள்.

ஸ்பீக்கர் பைப்பைக் கரன்ட் பைப்போடு சேர்த்துப் போக விடாதீர்கள், குறைந்தது ஒரு அடி தள்ளி வரட்டும். டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒன்றரை இன்ச் பைப், ஹெச்டிஎம்ஐ முனை அதற்குள் நுழைய வேண்டும், வளைவுகளில் எல்போ போடாமல் பெண்டு போட வேண்டும். தூரம் 25 அடிக்கு மேல் போனால் ஃபைபர் ஹெச்டிஎம்ஐ கேபிள்தான் நம்பகம். எல்லா பைப்புக்குள்ளும் ஒரு கட்டுக்கம்பியை விட்டு வைக்கச் சொல்லுங்கள், பூசுவதற்கு முன்பு ஒவ்வொரு சுவரையும் டேப் வைத்து அளந்தபடி போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்து வருடம் கழித்து டிரில் போடும்போது அந்தப் படங்கள் வேண்டியிருக்கும்.