ஊட்டியில் 21, சென்னையில் 42

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். ஜனவரியில் சென்னையில் என் முதல் மாரத்தான். அதற்கு ஐந்து வாரம் முன்னால் ஊட்டியில் ஓர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். முழு மூச்சாக ஓடலாமா, பயிற்சியாக ஓடினால் போதுமா?

பதில்: பயிற்சியாகவே ஓடுங்கள். இடைவெளி சரியாகத்தான் இருக்கிறது. சமதரைப் பந்தயம் என்றால் ‘முழு வேகத்தில் ஓடிப் பாருங்கள்’ என்றே சொல்லியிருப்பேன். அரை மாரத்தான் நேரத்தை இரட்டித்து ஒரு பத்து நிமிடம் கூட்டினால் மாரத்தான் நேரம் ஓரளவு பிடிபடும்; 2 மணி 10 நிமிடத்தில் முடிப்பவர், நீண்ட ஓட்டங்களைத் தவறவிடாதவராக இருந்தால், நாலரை மணியை நம்பலாம்.

ஊட்டியில் இந்தக் கணக்கு எடுபடாது. சுமார் 2,240 மீட்டர் உயரம், அதன் மேல் ஏற்றம் வேறு. குன்னூர்க்காரர் என்பதால் உங்களுக்குக் கொஞ்சம் பழகியிருக்கும். ஆனாலும் கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்த்து மனசு விடாதீர்கள். மூச்சைப் பாருங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு சின்ன வாக்கியம் திக்காமல் சொல்ல முடிகிறதா? அதுதான் உங்கள் மாரத்தான் வேகம். 15 கி.மீ. வரை அதிலேயே போய், தெம்பிருந்தால் கடைசி ஆறில் கொஞ்சம் கூட்டுங்கள்.

நான் பயப்படுவது இறக்கத்துக்குத்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. நுண்ணிய கிழிசல்கள் அதில்தான் அதிகம். கோத்தகிரிப் பக்கம் ஒருமுறை உற்சாகத்தில் இறக்கத்தில் பறந்துவிட்டு, மூன்று நாள் மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். அடியைச் சுருக்கி வையுங்கள், குதிகாலை முன்னால் நீட்டிப் பிரேக் போடாதீர்கள்.

சென்னையில் போடப்போகும் அதே ஷூ, அதே காலை உணவு, ஓடும்போது தெம்புக்காகச் சாப்பிடும் அதே ஜெல். எல்லாவற்றுக்கும் இது ஒத்திகை.

அப்புறம் நாலைந்து நாள் மெல்லோட்டம் மட்டும். அடுத்த ஞாயிறு 20 கி.மீ.யைத் தாண்ட வேண்டாம். அதற்கடுத்த ஞாயிறு கடைசி நீண்ட ஓட்டம், 30 கி.மீ. பிறகு தூரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

தண்ணீர்க் கணக்கை மட்டும் ஊட்டியில் பழக முடியாது. அந்தக் குளிரில் தாகமே தெரியாது. சென்னையிலோ வியர்வை உலராது. முடிந்தால் அந்த 30 கி.மீ.க்கு முந்தின நாளே மேட்டுப்பாளையம் இறங்கித் தங்கி, அங்கே ஓடிப் பாருங்கள்.