சேர்ட்டிபிகேட்டும் கீயும்: கேட்டவர்களுக்குப் பதில்

மட்டக்களப்பில் சில கடைகளின் இணையத்தளங்களுக்குச் சேர்வர் பார்த்துக் கொடுக்கிறேன். தளம் உண்மையானது என்று பிரௌசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சேர்ட்டிபிகேட், அதற்கு ஜோடியான இரகசியக் கீ பைல் பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கல்லடி: அண்ணன், வாங்கிய இடத்திலிருந்து சேர்ட்டிபிகேட் வந்துவிட்டது. கீ பைல் வரவில்லையே?

வராது தம்பி, அது அவர்களிடம் இல்லை. சிஎஸ்ஆர் என்ற சேர்ட்டிபிகேட் விண்ணப்பத்தை உருவாக்கியபோதே கீ உங்கள் சேர்வரில் உருவாகிவிட்டது. கட்டளை கொடுத்த போல்டரில் தேடுங்கள். தொலைந்திருந்தால் புதுக் கீ, புதுச் சிஎஸ்ஆர் செய்து மறுபடி வழங்கச் சொல்ல வேண்டியதுதான்.

அக்கரைப்பற்று: கம்ப்யூட்டரில் தளம் ஒழுங்காகத் திறக்கிறது. சில போன்களில் மட்டும் 'பாதுகாப்பற்றது' என்கிறது. சேர்வரில் தளத்தைக் காட்டுவது என்ஜின்எக்ஸ் மென்பொருள்.

உங்கள் சேர்ட்டிபிகேட்டை மூலச் சேர்ட்டிபிகேட்டான ரூட்டுடன் இணைக்கும் இன்டர்மீடியட் சேர்ட்டிபிகேட்டைச் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள் நானா. சில பிரௌசர்கள் அதைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும், மற்றவை எடுக்காது. ஒரே பைலில் உங்கள் சேர்ட்டிபிகேட் மேலே, இன்டர்மீடியட் கீழே. ரூட் வேண்டாம், அது போனிலேயே இருக்கிறது. மாற்றி வைத்தால் கீ பொருந்தவில்லை என்று என்ஜின்எக்ஸ் எழும்பவே எழும்பாது. பைலில் முதலாவதாக இருப்பதைத்தான் அது கீயுடன் ஒப்பிடும்.

இரண்டையும் ஒட்டும்போது இன்னொரு வில்லங்கம். முதல் பைல் 'எண்ட் சேர்ட்டிபிகேட்' என்று ஐந்து கோட்டுடன் முடியும், அடுத்தது ஐந்து கோட்டுடன் 'பிகின்' என்று தொடங்கும். இடையில் வரி உடையாவிட்டால் பத்துக் கோடும் ஒரே வரியில் ஒட்டி, பைல் செல்லாது. நான் ஒருமுறை கீயைச் சந்தேகப்பட்டு இரவு ஒரு மணிவரை முழித்திருந்தேன். கடைசியில் ஒரு என்டர் தட்டியதும் சரி.

களுவாஞ்சிகுடி: விண்டோஸிலிருந்து பிஎஃப்எக்ஸ் பைல் தந்தார்கள். லினக்ஸில் என்ன செய்வது?

கீயும் சேர்ட்டிபிகேட்டும் சேர்த்துக் கட்டிய பொதி அது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவியின் பிகேசிஎஸ்12 கட்டளையால் பிரிக்கலாம், பாஸ்வேர்டை மட்டும் கேட்டு வாங்குங்கள். பிரித்த கீயில் பாஸ்வேர்டை எடுத்துவிடுவேன் நான். கரண்ட் போய் வந்து, எழும்பும் என்ஜின்எக்ஸ் பாஸ்வேர்ட் கேட்கும் நடுச்சாமத்தில் அதை அடித்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? ஆனால் கீ பைலின் அனுமதியை 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) ஆக்கி, சேர்வரின் தலைமைப் பயனரான 'ரூட்'டுக்கு மட்டும் விடுங்கள்.

கல்முனை: கீயை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

கூடாது. அனுப்பியாயிற்றா? புதுக் கீ செய்து, பழைய சேர்ட்டிபிகேட்டை ரத்துச் செய்யச் சொல்லுங்கள்.

வாழைச்சேனை: வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதுமா?

அந்தக் காலம் போயிற்று. இலவசமாகச் சேர்ட்டிபிகேட் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் வழக்கமாகத் தருவது 90 நாள். காசுக்கு வாங்குவதும் 2026 மார்ச் 15 முதல் 200 நாளுக்கு மேல் இல்லை, 2029 மார்ச்சில் அது 47 நாளாகிறது. தானாகப் புதுப்பிக்கும் சேர்ட்பொட் மென்பொருளிடம் விட்டுவிடுங்கள். புதுப்பித்ததும் என்ஜின்எக்ஸ் தானாக ரீலோட் ஆகிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் புதியது டிஸ்க்கில் கிடக்க, பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.