வீட்டுப் பயிற்சிக்கு எந்த கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்)?

கேள்வி: ராயபுரத்தில் ஒண்டுக்குடித்தன வீட்டில் எலக்ட்ரிக் கிட்டார் பழகுகிறேன். பக்கத்துப் போர்ஷனில் கைக்குழந்தை. லேப்டாப்பில் பதிவும் செய்ய வேண்டும். கடையில் ‘10 வாட் பத்தாது, 20 எடுங்க’ என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: வாட்டை விடுங்கள். 10 வாட் 20 ஆனால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க 10 மடங்கு வாட் வேண்டும். உங்கள் அறையில் 10 வாட் ஆம்ப்பையே கால்வாசிக்கு மேல் திருப்ப முடியாது.

காசு கொடுக்க வேண்டியது ஹெட்ஃபோன் ஜாக்குக்கும் யுஎஸ்பி-க்கும். ஃபெண்டர் ஃப்ரன்ட்மேன் 10ஜி நல்ல ஆம்ப்தான்: 10 வாட், 6 அங்குல ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் ஜாக் உண்டு. ஆனால் யுஎஸ்பி இல்லை. பதிவுக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டார் ஒலியை லேப்டாப்புக்குள் அனுப்பும் பெட்டி) தனியாக வாங்க வேண்டிவரும். அதே நிறுவனத்தின் மஸ்டாங் எல்டி25-ல் (25 வாட், 8 அங்குலம்) ஒரு கேபிளை லேப்டாப்பில் செருகினால் முடிந்தது. உங்களுக்கு இதையே சொல்வோம். கரண்ட் போனாலும் வாசிக்க வேண்டும் என்றால் பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா மினி; 6 பென்டார்ச் பேட்டரியில் ஓடும். அதற்கு அடாப்டர் வாங்கும்போது கவனம்: 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் மோடம் அடாப்டரில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ், அதைச் செருகாதீர்கள்.

பழைய ஆம்ப் என்றால் கேபிளைச் செருகி, பிளக்கைக் கட்டைவிரலால் மேலும் கீழும் லேசாக அசைத்துப் பாருங்கள். ‘கரகர’ என்றால் ஜாக் தளர்ந்திருக்கிறது, அல்லது களிம்பு ஏறியிருக்கிறது. நம் பக்கம் உப்புக்காற்றில் இது சீக்கிரம் வரும். கான்டாக்ட் கிளீனர் அடித்தும் போகாவிட்டால் ஜாக்கை மாற்ற வேண்டும்.

பதிவின்போது மென்பொருளின் மீட்டரில் உச்ச அளவு –12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். ஆம்ப்பின் ஹெட்ஃபோனிலேயே கேளுங்கள். மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை (வாசிப்பதை உடனே திருப்பி ஒலிக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் லேப்டாப் ஸ்பீக்கரில் ஒவ்வொரு நோட்டும் சற்றுப் பின்தங்கி இன்னொரு முறை கேட்கும்.

கேள்வி: ஆம்ப்பில் ஓயாத ‘ங்ங்’ இரைச்சல். பதிவிலும் விழுகிறது. – திருவொற்றியூர் வாசகர்

பதில்: முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் ஓடவிடுங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு சார்ஜர் வழியே வருகிறது. பதிவு முடியும்வரை பேட்டரியே போதும். நிற்காவிட்டால் கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். அப்போது அடங்கினால், கம்பி அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்தான் இரைச்சலையும் வாங்குகிறது. சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பின் இயல்பு அது. உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் நன்றாகக் குறையும். டியூப்லைட், டிவி பக்கத்தில் உட்காராதீர்கள்.

பூஜ்யத்திலும் இரைந்தால் பிளக் பாயின்ட்டைப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், எர்த் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதியுங்கள். சத்தம் குறைகிறது என்று யாராவது எர்த் பின்னை வெட்டச் சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். கிட்டார் கம்பிகள் எர்த்தோடு இணைந்தவை. எர்த் பின் இல்லாதபோது ஆம்ப்புக்குள் கரண்ட் கசிந்தால் அது உங்கள் விரல் வழியேதான் இறங்கும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து சித்தப்பா ஆம்ப் கொண்டுவருகிறார். இங்கே ஓடுமா? – பெரம்பூர் வாசகி

பதில்: பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பிளக் மட்டும் மாற்றினால் போதும். 120 மட்டும் என்றால் நம் 230-ல் நேராகச் செருகக் கூடாது. ஃபியூஸ் போகும், டிரான்ஸ்ஃபார்மரும் கருகலாம். தகட்டில் உள்ள வாட்டைவிடப் பெரிய ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.