பீலிக்கரையில் ரதி

அன்புள்ள ஐயா,

மம்மூட்டி நடித்த ‘காதல் தி கோர்’ (2023) இப்போதுதான் பார்த்தேன். மலையாளத்தில் முடிவது தமிழில் ஏன் முடியவில்லை? தன்பாலீர்ப்பு உள்ளவர்களை நல்லபடியாகக் காட்டிய படங்களின் பட்டியல் தர முடியுமா? இங்கே இலங்கையில் இதைக் குற்றமாக்கும் சட்டம் மாறுமா? எப்படியோ, நம்ம தேயிலைத் தோட்டப்பக்கம் இதெல்லாம் இல்லை. கொழும்புக் கதைதானே.

ஒரு வாசகர், தலவாக்கலை

அன்புள்ள தம்பி,

பட்டியல் தேடினால் கிடைக்கும், என்னிடம் கேட்காதீர்கள். சட்டம் 1883இல் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனது. அதைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லியாயிற்று.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் உட்கார்ந்தேன். தோட்டப்பக்கம் இல்லை என்று யாரைக் கேட்டு எழுதினீர்கள்? லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் வீடுகளில், அடுத்த காம்பரா இருமல்கூடக் கேட்கும். அங்கே ஒருவன் வாயைத் திறக்கவில்லை என்றால், அவனே இல்லை என்றாகிவிடுமா?

சிவன் மன்மதனை எரிக்கும் கதையை ஆடும் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில், மாசிக்கு மாசி மன்மதன் மனைவி ரதியாக வேஷம் கட்டிய அண்ணன் ஒருவர் இருந்தார். மதன் எரிந்ததும் அவர் வைக்கும் ஒப்பாரிக்குக் கங்காணி வீட்டு அம்மாக்கள்கூட மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். விடிந்ததும் தண்ணீர் விழும் பீலிக்கரையில் அரிதாரத்தைக் கழுவுவார். காதோரத்து மஞ்சளை மட்டும் விட்டுவிடுவார். அந்த மஞ்சளோடு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு வந்தால், ராத்திரி அழுத அதே சனம் அவர் நடையைப் பார்த்துச் சிரிக்கும். தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் அவருக்கு ஒரு சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் டவுன் கடையில் ஒரு பிளேன்டீயைப் பாதிபாதி குடிப்பார்கள். லயம் முழுக்கத் தெரியும், யாரும் பேசமாட்டார்கள்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்றுதான் பல நாளாக யோசிக்கிறேன். 1919இல் ஜெர்மனியில் எடுத்த ஒரு மௌனப் படம், இப்படிப்பட்ட ஒருவரை மிரட்டிப் பணம் பறித்துச் சாகவிட்டதைக் காட்டி, பிழை சட்டத்தில்தான் என்று வாதாடியது. அடுத்த வருஷமே தடை. ஹாலிவுட்டில் 1934 முதல் கறாராக அமலான தணிக்கை விதி, இந்த உறவைச் சாடையாகக்கூடக் காட்டாதே என்றது. அதனால் பெயர் போயிற்று, காதல் போயிற்று, நடையும் கைக்குட்டையும் மட்டும் மிஞ்சின. பார்க்கிறவனுக்கு ஆள் யாரென்று புரியும். ஆனால் அந்த ஆளுக்கு வீடில்லை, தாயில்லை, வழிபார்த்திருக்க ஒருவருமில்லை. சிரித்துவிட்டுப் போகலாம், அல்லது கொலைகாரனாக்கிப் பயப்படலாம். 1961இல் அந்த விதி தளர்ந்தது. தமிழில் அப்படி எழுதிவைத்த விதி ஏது? ஆனாலும் அதே நடை, அதே சிரிப்பு. 2006இல் ‘வேட்டையாடு விளையாடு’வில் அதே கொலைகாரர்கள்.

டவுன் தியேட்டரில் ஒருநாள், காமெடியன் இடுப்பை ஒடித்து நடந்தபோது கூரை பிய்ந்துபோகிற மாதிரிச் சிரித்தோம். நானும் சிரித்தேன். இரண்டு வரிசை முன்னால் அவர்கள் இருவரும் இருந்தார்கள். இடைவேளையில் எழுந்து ஆளுக்கொரு வாசலால் போனார்கள். அதற்குப் பிறகு அந்த டீக்கடையில் அவர்களைச் சேர்த்துப் பார்த்ததில்லை.

உங்கள் தோட்டத்தில் இன்னும் கூத்து நடக்கிறதா தம்பி? ரதி கட்டுகிறவரைப் பெரட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள்.