எல்லை கடந்து வந்த தங்கைக்கு எங்கே வழக்குத் தொடுப்பது?

கேள்வி: எங்கள் வீடு பாலக்காடு மாவட்டம் வேலந்தாவளத்தில் உள்ளது. தங்கையைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். கணவரின் அடி பொறுக்காமல் கைக்குழந்தையோடு எங்களிடம் வந்துவிட்டாள். நகையும் சான்றிதழ்களும் அங்கேயே இருக்கின்றன. “தமிழ்நாட்டில் நடந்ததற்குக் கேரளாவில் வழக்குப் போட முடியாது, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்” என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். எங்களுக்கு மலையாளம் எழுதவும் தெரியாது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அவர்கள் சொல்வது தவறு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ எங்கே தங்கியிருக்கிறாரோ அந்தப் பகுதியின் நீதித்துறை நடுவர் மன்றத்திலேயே மனுச் செய்யலாம். அம்மா வீட்டில் அடைக்கலம் புகுந்திருப்பதும் தங்கியிருப்பதுதான். கேரளாவில் பெறும் ஆணை நாடு முழுவதும் செல்லும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே பொள்ளாச்சிக்கு நடையாய் நடக்க வேண்டும் என்ற அச்சத்தால் தங்கை வாய்மூடி இருக்க வேண்டியதில்லை.

முதலில் மருத்துவம். காயம் இருந்தால் இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, எப்படி ஏற்பட்டது என்பதை மறைக்காமல் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். “கால் இடறி விழுந்தேன்” என்று சொல்லிவிட்டு வருவதுதான் பின்னாளில் பெண்களுக்கே எதிராக நிற்கிறது.

அடுத்து, மாவட்டப் பெண்கள் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நடந்ததைக் கேட்டுக் குடும்ப வன்முறை அறிக்கை தயாரிப்பதும், நீதிமன்றத்தில் மனுச் செய்ய உதவுவதும், தேவைப்பட்டால் தங்குமிடம் பார்த்துக் கொடுப்பதும் அவருடைய கடமை. இவற்றை அவர் செய்யும் சலுகையாக எண்ணித் தயங்க வேண்டாம். பாதுகாப்பு, ஜீவனாம்சம், குழந்தையைத் தாயிடமே வைத்துக்கொள்ளும் உரிமை, சீதன நகைகளையும் உடைமைகளையும் திருப்பித் தருதல் ஆகிய அனைத்தையும் ஒரே மனுவில் கேட்கலாம். முதல் விசாரணை வழக்கமாக 3 நாள்களுக்குள் வர வேண்டும் என்றும், 60 நாள்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. நடைமுறையில் இழுபடுவது உண்டு. அதனால் இடைக்கால ஆணையையும் சேர்த்தே கேளுங்கள். வக்கீல் கட்டணத்துக்குக் கவலை வேண்டாம்: பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவாயினும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் இலவச வக்கீல் பெறும் உரிமை தங்கைக்கு உண்டு.

மொழியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தமிழ் மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள கேரள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். உங்கள் வேலந்தாவளம் அடங்கிய சித்தூர் வட்டத்துத் தமிழர்கள் இந்த உரிமையைக் கேட்டுப் பெற வேண்டும். பாதுகாப்பு அலுவலரிடம் தங்கை தமிழில் சொல்லட்டும். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லி, பொருள் சரிதானா என்று உறுதிசெய்த பிறகே கையெழுத்திடட்டும். அடித்ததும் மிரட்டியதும் பட்டினி போட்டதும் மலையாள மொழிபெயர்ப்பில் “குடும்பத் தகராறு” என்று சுருங்கிவிடக் கூடாது.

வீட்டில் இருப்பது ஆபத்தாகிவிட்டால் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தில் குழந்தையோடு சில நாள்கள் தங்கலாம்; மருத்துவம், மனநல ஆலோசனை, போலீஸ் உதவி, சட்ட உதவி ஆகியவற்றுக்கு அங்கிருந்தே ஏற்பாடு செய்வார்கள். கேரள அரசின் மகளிர் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயின் ‘ஸ்நேகிதா’ உதவி மையமும் ஆலோசனையும் குறுகிய காலத் தங்கலும் தருகிறது. உங்கள் அயல்கூட்டத்தில் (குடும்பஸ்ரீயின் அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவில்) நம்பிக்கையான ஒருவர் இருந்தால், அந்த வாசலுக்கு வழிகாட்ட அவரே போதும்.

ஊர்ப் பெரியவர்கள் பேசுவதில் தவறில்லை. தங்கை விரும்பினால் மட்டும். நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனையில்கூடக் கணவர் தாம் அடித்ததற்குச் சாக்குச் சொல்ல விதிகள் இடம் தருவதில்லை. அவ்வளவு பாதுகாப்பும் இல்லாத திண்ணைப் பேச்சில், “பிள்ளை முகத்துக்காகப் பொறுத்துக்கொள்” என்று கையெழுத்து வாங்கி அவளைத் திருப்பி அனுப்புவதற்கு நீங்கள் உடன்படாதீர்கள்.

கேள்வி: கோபாலபுரம் பக்கம் குடியிருக்கிறேன். அடுத்த வீட்டில் இரவுதோறும் அந்த அம்மாவின் அலறல் கேட்கிறது. தகவல் சொன்னால் என்மேல் வழக்கு வருமா?
– ஒரு வாசகர்

பதில்: வராது. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் எந்தச் சட்டப் பொறுப்பும் சாராது என்று மேலே சொன்ன 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அலறல் கேட்கும் நேரத்தில் 112, மற்ற நேரத்தில் பெண்கள் உதவி எண் 181. எல்லையோரத்தில் கைபேசி அடுத்த மாநிலக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வது நீங்கள் அறிந்ததே. எனவே எந்த மாநிலம், எந்த ஊர் என்பதை முதலில் சொல்லுங்கள். பகலில், அவர் கணவர் இல்லாத வேளையில், அந்த அம்மாவிடம் தனியாகப் பேசிப் பார்க்க உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள். எண்களைத் தாளில் எழுதிக் கொடுப்பது அவருக்கே வினையாகலாம். வாய்மொழியாகச் சொல்லி மனத்தில் பதியவைக்கச் சொல்லுங்கள்.